கானாடுகாத்தானில் போட்ட காசித் திட்டம்

ஞாயிறு, கானாடுகாத்தான்

பொங்கல் முடிந்தும் ஊரில் சந்தடி அடங்கவில்லை. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் முகப்புக் கதவு திறந்து விளக்கு எரிகிறது. நான் வந்தது பொங்கலுக்கு மட்டுமல்ல. பெரியப்பச்சி (பெரியப்பா), பெரியாத்தா (பெரியம்மா), என் ஆத்தா மூவரையும் ரயிலில் காசிக்கு அழைத்துப்போக வேண்டும். மூவரும் எழுபதை ஒட்டியவர்கள். முழுத் திட்டத்தையும் இங்கேயே உட்கார்ந்து போட்டு முடிப்பதாக வந்திருக்கிறேன். அன்றன்று முடிவானதை இரவில் எழுதிப் போடுகிறேன். வீட்டுப் பெரியவர்களை நெடுந்தூரம் ரயிலில் அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

விமானத்தில் போய்விடலாமே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "ராமேஸ்வரத்து மண்ணை எடுத்துக்கிட்டுத் தரை வழியாப் போறதுதாம்ப்பா காசி யாத்திரை" என்று பெரியப்பச்சி முடித்துவிட்டார். ராமேஸ்வரத்துக் கடற்கரை மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீர் எடுத்துவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்ய வேண்டும். அப்போதுதான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. இடையில் கயாவில் முன்னோருக்குப் பிண்டம். பெரியாத்தாவுக்குக் கொல்கத்தாவில் காளியையும் பார்க்க வேண்டும். ஆக இது போய்த் திரும்பும் பயணமாக இல்லாமல் நாட்டின் கிழக்குப் பாதியை ஒரு சுற்றுச் சுற்றிவரும் பயணமாகிறது. பாதைகளைக் கூட்டிப் பார்த்தால் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

சாயங்காலம் வீட்டுக்குள் உட்காரும் இடமான பட்டாலையில் வரைபடத்தை விரித்துவைத்து எப்போது போவது என்று பேசினோம். வடக்கே நெடுந்தூரம் போகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதத்தைத்தான். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளி முழுவதும் பனிமூட்டம். சிக்னல் தெரியாமல் வண்டிகள் ஊர்ந்து போகும், பல மணி நேரம் தாமதமாகும், சில வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்துவிடுவார்கள். பிரயாகையில் மாக மேளா மகா சிவராத்திரி வரை நடக்கும். அப்புறம் ஹோலி. அதற்குச் சொந்த ஊர் போகிறவர்கள் பீகார், உத்தரப்பிரதேச வண்டிகளை நிரப்பிவிடுவார்கள். தீபாவளி, சத் பூஜை சமயத்திலும் இதே நிலைதான். ஏப்ரல் பாதியைத் தாண்டினால் காசியில் வெயில் பெரியவர்களுக்கு ஆகாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மார்ச் பிற்பாதியில் கிளம்பி ஏப்ரல் தொடக்கத்தில் திரும்புவதுதான் சரியாக வருகிறது.

முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பர் 1-க்கு முன்னால் 120 நாள் இருந்தது. அதாவது மார்ச் கடைசி வார வண்டிகள் இந்த வாரக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கும்.

திங்கள், காரைக்குடி

காலையில் பெரியப்பச்சியும் நானும் காரைக்குடி ஜங்ஷனுக்குப் போனோம். செல்போனில் எல்லாம் தெரிகிறதே என்று கேட்கலாம். ஆனால் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று நாலு பேர் பேசுவதைக் கேட்டால்தான் எந்த வண்டியில் கூட்டம், எது எங்கே தேங்குகிறது என்பது பிடிபடும். இந்த ஜங்ஷனிலிருந்து மூன்று பக்கம் பாதை பிரிகிறது. வடக்கே புதுக்கோட்டை வழியாகத் திருச்சி, தெற்கே சிவகங்கை வழியாக மானாமதுரை, கிழக்கே பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர். சென்னைக்கு நம் ஊரிலேயே புறப்படும் வண்டி பல்லவன். விடிகாலையில் ஏறினால் பகலிலேயே சென்னை.

இன்றைக்குத் திட்டத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. பனாரஸிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வாராந்திர வண்டி ஒன்று இருக்கிறது, எண் 22536. பிரயாகை, ஜபல்பூர், நாக்பூர், விஜயவாடா, சென்னை, திருச்சி என்று இறங்கி, நம் பாதையிலேயே மானாமதுரை போய் ராமேஸ்வரத்தில் முடிகிறது. கங்கை நீருடன் காசியில் ஏறினால் மாறவே வேண்டாம். நேரே ராமநாதர் கோயில் ஊரில் இறங்கலாம். சொந்த ஊர் வழியாகப் போகும்போதும் இறங்காமல் ராமேஸ்வரம் போய், அபிஷேகம் முடித்துத் திரும்பி வரலாம் என்றதும் பெரியப்பச்சி முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓடும் வண்டியை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், தினசரி வண்டிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கிளம்பும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டே போவார்கள். கடைசியில் வந்து பார்த்தால் வாராந்திர வண்டி நேற்றே போயிருக்கும். நாங்கள் திரும்பும் வண்டியை முதலில் வைத்து அங்கிருந்து பின்னோக்கி வந்தோம். காசியில் நாலு நாள், அதற்கு முன் பிரயாகையில் இரண்டு, அதற்கு முன் கயாவில் இரண்டு, அதற்கு முன் கொல்கத்தா. முறைப்படி எந்த ஊர் முதலில் என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. ரயில் பாதைக்கு இந்த வரிசைதான் பொருந்துகிறது. கயாவிலிருந்து பிரயாகைக்கு ஒரே நேர்ப்பாதை, பிரயாகையிலிருந்து காசி பக்கம்தான். பெரியப்பச்சியும் ஒப்புக்கொண்டார்.

ஊர்ப் பெயர்களில் கவனம் வேண்டும். காசிக்கென்று டிக்கெட் எடுப்பவர் முன்னால் குறைந்தது மூன்று நிலையங்கள் நிற்கும். வாரணாசி ஜங்ஷன் ஒன்று. மண்டுவாடீ என்று இருந்து 2021-ல் பெயர் மாறிய பனாரஸ் ஒன்று. கங்கைக்கு அக்கரையில், முகல்சராய் என்று நம் பெரியவர்கள் சொல்லும் நிலையம் இன்னொன்று. அதற்கு 2018 முதல் பண்டித தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன் என்று பெயர். கல்கத்தாவிலிருந்து டெல்லி போகும் பல வண்டிகள் அங்கே நின்றுவிட்டு வாரணாசிக்குள் வராமலே போய்விடும். நம் திரும்பும் வண்டி கிளம்புவது பனாரஸில். வாரணாசி ஜங்ஷனில் போய் நின்றால் வண்டி கிடைக்காது. இதை மூன்று பேர் டைரியிலும் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று: ஒரே பெயரில் ஓடும் வண்டி எல்லா நாளும் ஒரே வழியில் போகும் என்று நம்பக் கூடாது. ஹவுராவிலிருந்து டெல்லி போகும் பூர்வா எக்ஸ்பிரஸ் சில நாள் கயா வழி, மற்ற நாள் பாட்னா வழி. எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். 12381 கயா வழி, 12303 பாட்னா வழி. பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் பிண்டம் போட வேண்டிய ஊர் பக்கமே வண்டி போகாது.

செவ்வாய், நாட்டரசன்கோட்டை

இன்றைக்கு ரயில் பேச்சு வேண்டாம், செவ்வாய்ப் பொங்கல் என்று சொல்லித்தான் பெரியாத்தா காரில் ஏற்றினார். பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாயில் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வைக்கும் பொங்கல் இது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள்கூட இந்த ஒரு நாளுக்காக விடுப்பு எடுத்து வருகிறார்கள். வரிசை வரிசையாகப் பானைகள், நூற்றுக்கணக்கான அடுப்புகள், கண்ணெல்லாம் புகை. பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும்.

ஆனால் ரயில் பேச்சு அங்கேயும் வந்தது. எங்கள் பானைக்குப் பக்கத்துப் பானைக்காரர், பெரியப்பச்சியைவிட மூத்தவர். சின்ன வயசில் தன் அப்பச்சியோடு காசிக்குப் போய்வந்தவர். திட்டத்தை எல்லாம் கேட்டுவிட்டு, "எந்தச் சத்திரத்துல எத்தனை நாள்னு முதல்ல எழுதிக்கங்க. நாங்க சத்திரத்துக்குக் கடுதாசி போட்டுப் பதில் வந்த பிறகுதான் ரயிலையே பார்ப்போம்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1813-லேயே தொடங்கியது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது 1853-ல். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் முதல் வண்டி கிளம்பியது 1856-ல். ரயில் வருவதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் போய், நம் ஊர்க்காரர்கள் தங்குவதற்குக் கூரை போட்டுவிட்டார்கள். காசி விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் அந்தச் சத்திரத்திலிருந்துதான் 'சம்போ' என்ற முழக்கத்தோடு தினமும் போகின்றன. கயாவிலும் பிரயாகையிலும் சத்திரங்கள் எழுந்தன. கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் ரங்கூன் மொகல் தெருவுக்கும் போனவர்களும் இப்படித்தான் போனார்கள். போய்ச் சேரும் ஊரில் நம்மவர் தங்கித் தொழில் செய்யும் கிட்டங்கி எங்கே என்று தெரிந்துகொண்டுதான் கப்பல் ஏறினார்கள்.

இன்றைக்கு நெடுந்தூரப் பயணத் திட்டம் என்றால் நம் பேச்சு எல்லாம் வண்டி, எண், வகுப்பு, பெர்த் என்றே போகிறது. இறங்கின பிறகு உடம்பை எங்கே கிடத்துவது என்பது கடைசியில்தான் வருகிறது. பெரியவர்களோடு போகும்போது அதுதான் முதலில் வர வேண்டும். இந்தப் பயணத்தை நான் அப்படித்தான் போடப் போகிறேன். இரவே காசி, கயா, பிரயாகை மூன்றுக்கும் அறைக்கு எழுதிக் கேட்டாயிற்று.

புதன், கானாடுகாத்தான்

இன்றைக்கு முழு நாளும் காகிதமும் பென்சிலும்தான். நேற்றைய பேச்சு மனதில் இருந்ததால், ஒவ்வொரு வண்டியும் போய்ச் சேரும் நேரத்தை முதலில் பார்த்தேன். சென்னையிலிருந்து ஹவுரா சுமார் 1,660 கிலோமீட்டர். ஹவுரா மெயில் சாயங்காலம் கிளம்பும். காரைக்குடியிலிருந்து பல்லவனில் போய் அன்றைக்கே மாறிக்கொள்ளலாம், சென்னையில் தங்க வேண்டியதில்லை. ஆனால் அது ஹவுரா போய்ச் சேர்வது இரவு வெகுநேரம் கழித்து. மூன்று பெரியவர்களை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஊரில் டாக்ஸி தேட நான் தயாராக இல்லை. கோரமண்டல் காலையில் கிளம்பி மறுநாள் முற்பகலில் போய்ச் சேர்கிறது. அதற்கு முதல் நாள் இரவு சென்னையில் தங்க வேண்டும். சித்தப்பா வீடு இருக்கிறது, பல்லவனில் பகலில் போய் இறங்கி நன்றாகத் தூங்கி எழுந்து ஏறலாம்.

"அந்த வண்டியா?" என்று ஆத்தா கேட்டார். 2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் பக்கம் பஹானகா பஜாரில் விபத்துக்குள்ளானது அந்தக் கோரமண்டல்தான். முன்னூறு பேரை ஒட்டி உயிர் போனது. சமாதானம் என்று எதையும் சொல்லத் தோன்றவில்லை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் போய்வருவதைச் சொன்னேன். வேண்டாம் என்றால் மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போகலாம், அந்த ஊர் தாண்டும்போது சொல்லு, கும்பிட்டுக்கறேன்" என்றார்.

கோரமண்டல் இப்போது ஹவுரா நிலையத்துக்குப் போவதில்லை. 2022 முதல் ஷாலிமார்தான். அதுவும் ஹூக்ளி ஆற்றின் ஹவுரா பக்கக் கரையில்தான் இருக்கிறது. கொல்கத்தாவை விட்டுக் கயாவுக்குக் கிளம்பும்போது பூர்வா ஹவுராவிலிருந்து. ஹவுரா பெரிய நிலையம். பழைய வளாகம், புதிய வளாகம் என்று இரண்டு உண்டு. எந்த வளாகம் என்று முதல் நாளே பார்த்துவைத்தால் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வேறு வண்டி பிடிக்கச் சியால்தா போக வேண்டியவர்களுக்கு இப்போது நல்ல வசதி. ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கி, 2025 ஆகஸ்டிலிருந்து ஹவுராவையும் சியால்தாவையும் நேராக இணைக்கிறது. முன்பு ஹவுரா பாலத்து நெரிசலில் இந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரம் பற்றி இன்னொன்று குறித்துக்கொண்டேன். நாடு முழுவதுக்கும் ஒரே கடிகாரம். அதன் கணக்கு 82 டிகிரி 30 நிமிடத் தீர்க்கரேகையில். அந்தக் கோடு பிரயாகைக்கும் காசிக்கும் நடுவே மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. அதனால் கிழக்கே போகப் போகப் பொழுது சீக்கிரம் சாயும். மார்ச் கடைசியில் காரைக்குடியில் ஆறே காலுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்போது கொல்கத்தாவில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும். சாயங்காலம் தட்சிணேசுவரம் காளி கோயிலுக்குப் போய்வரலாம் என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்தால் இருட்டிவிடும். காலையிலேயே போவதென்று மாற்றிவிட்டோம்.

அப்புறம் படுக்கை. மூன்று பேருக்கும் கீழ்ப் படுக்கை வேண்டும். ரயில்வேயில் மூத்தவர்களுக்கென்று கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் அது உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான். நாலு பேரையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் கேட்கவே முடியாது. அதனால் பெரியப்பச்சி, பெரியாத்தா ஒரு டிக்கெட், ஆத்தா தனி டிக்கெட், நான் தனி. வேறு வேறு இடத்தில் விழுந்தாலும் ஒரே பெட்டியில் இருந்தால் போதும். கட்டணச் சலுகை கிடையாது, மூத்தவர்களுக்கான அந்தச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். மறுபடி வர வேண்டும் என்பது என் ஆசை. ஓய்வூதியம்கூட இல்லாத எத்தனையோ பெரியவர்களுக்கு இந்தத் தூரப் பயணம் அந்தச் சலுகையால்தான் முடிந்தது.

சுற்றுப் பயண டிக்கெட் பற்றியும் நிறைய நேரம் பேசினோம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும் பயணம் என்றால், முழு வட்டத்துக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். நடுவில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். இந்த டிக்கெட்டில் மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு நீண்ட பயணமாகக் கணக்கிடுவதால், துண்டு துண்டாக வாங்குவதைவிட நன்றாகக் குறையும். இணையத்தில் கிடைக்காது. பாதையை எழுதிக் கோட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், நமக்கு மதுரைக் கோட்டம். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் படுக்கை பதிய வேண்டும். படிக்கிற பிள்ளைகள், கையில் நாளும் உடம்பில் தெம்பும் இருக்கிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். நடுவில் யாருக்காவது முடியாமல் போய்க் கயாவிலிருந்தே திரும்ப வேண்டி வந்தால், தனித்தனி டிக்கெட்டில் மிச்சத்தை ரத்து செய்வது சுலபம். பெரியவர்களோடு போகிறவனுக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

ஒரே ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் சாதாரண டிக்கெட்டில், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு வழியில் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் தங்கலாம். ஆயிரத்துக்கு மேல் என்றால் இரண்டு ஊர். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இது இல்லை.

வியாழன், ராமேஸ்வரம்

மணல் எடுக்க வந்திருக்கிறோம். மார்ச்சில் கிளம்புவதற்கு முன்னால் மறுபடி இங்கே வந்து அலைய வேண்டாம் என்று பெரியாத்தா சொன்னார். எனக்கு இது ஒத்திகையும்கூட. திருச்சியிலிருந்து வரும் ராமேஸ்வரம் வண்டியில் காரைக்குடியில் ஏறினோம். உட்காரும்போதும் எழும்போதும் யாருக்கு எது கஷ்டம் என்று கவனித்துக்கொண்டே வந்தேன். பெரியப்பச்சிக்கு நடப்பதில் சிரமமில்லை, பெட்டியின் படியில் ஏறுவதுதான் சிரமம். ஆத்தா கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறார். கொல்கத்தா வரை இப்படி வந்தால் உடம்பு என்ன ஆவது? கதவுக்குப் பக்கத்துப் பெர்த்தாகக் கிடைத்தால் அதை ஆத்தாவுக்குக் கொடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் இடம் அது.

பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியபோது, இனி ராமேஸ்வரத்துக்கு மண்டபம் வரைதான் என்று மனசு கஷ்டப்பட்டது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. கப்பலுக்கு வழி விட 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். அது இல்லாவிட்டால் பனாரஸ் வண்டியில் தீர்த்தத்தோடு நேரே வந்து இறங்கும் இந்தத் திட்டமே நடக்காது.

ஒரு காலத்தில் இந்தப் பாதை இன்னும் நீண்டது. சென்னையிலிருந்து போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. எங்கள் அய்யா கொழும்புக்குப் போனது அப்படித்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அந்தப் பாதையையும் அழித்துவிட்டது.

அக்னி தீர்த்தக் கரையில் பெரியாத்தா மணல் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். இரவு சத்திரத்தில் தங்கல்.

வெள்ளி, கானாடுகாத்தான்

திரும்பி வந்ததும் சாப்பாட்டுப் பேச்சு. பெரியாத்தாவின் கணக்கு தெளிவாக இருக்கிறது. பல்லவனுக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும். கோரமண்டலுக்கு முதல் வேளை புளியோதரைக் கட்டுச்சோறு, அதற்கு மேல் சமைத்த சோறு கூடாது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை தகர டின்னில் வந்தால் கயா வரை தாங்கும். மற்ற வேளைக்கு வண்டியிலோ, செல்போனில் சொல்லிவிட்டுப் பெரிய நிலையத்திலோ வாங்கிக்கொள்ளலாம். தண்ணீருக்கு ரயில் நீர், லிட்டர் 14 ரூபாய்.

திரும்பும் பனாரஸ் வண்டியில் இரண்டு ராத்திரிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் இரண்டடுக்கு ஏ.சி. என்று முடிவு செய்தோம். மூன்றடுக்கில் நடுப் படுக்கையை விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. செலவு கூடத்தான், ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை. மற்ற வண்டிகளுக்கு மூன்றடுக்கு போதும்.

சனி, காரைக்குடி

காலை எட்டு மணிக்குப் பல்லவன் திறந்தது. பெரியப்பச்சி கவுண்டரில்தான் வாங்க வேண்டும் என்றார், அவரோடு வரிசையில் நின்றேன். நாலு பேருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைத்தது.

இனிமேல் வருவதுதான் சிக்கலான பகுதி. 60 நாள் கணக்கு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி. முதலில் போகும் வண்டி முதலில் திறக்கும். எதை வைத்து இந்தத் திட்டமே போட்டோமோ அந்தப் பனாரஸ் வண்டி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திறக்கும். அதற்குள் மற்றதெல்லாம் வாங்கியாகிவிடும். அதில் கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால்? துணிந்து முன்னதை வாங்கலாம் என்பதே என் கருத்து. வண்டி கிளம்பும் நாளுக்குப் பல நாள் முன்னதாகவே ரத்து செய்தால், உறுதியான டிக்கெட்டுக்கு ஓர் ஆளுக்கு மூன்றடுக்கு ஏ.சி.யில் 180 ரூபாயும் வரியும்தான் பிடிப்பார்கள், இரண்டடுக்கில் 200. இவ்வளவு பெரிய பயணத்தில் அது தாங்கக்கூடிய தொகை. மாற்று ஏற்பாடாக, பிரயாகையிலிருந்து சென்னை வரை வரும் வண்டிகளையும் எழுதிவைத்திருக்கிறேன்.

தட்கலை நம்பித் திட்டம் போட மாட்டேன். கிளம்பும் நாளுக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி.க்கும், பதினொன்றுக்கு மற்ற வகுப்புக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையத்தில் எடுக்க முடியும். அவசரத்துக்கு அது சரி. மூன்று பெரியவர்களோடு வெளியூரில் இருக்கும்போது அந்தப் பத்து நிமிடப் பதற்றம் வேண்டாம். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போடும்வரை முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாகவே ரத்தாகிவிடும். ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும். பெரியவர்களுக்கு அதுவும் ஒத்துவராது.

ஒரே நாளில் வண்டி மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்தப் பணம் பிடித்தமின்றித் திரும்பக் கிடைக்கும்.

முன்பதிவு திறக்கும் நாள்களை நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் பட்டாலையில் மாட்டிவிட்டோம். கயாவிலிருந்து பிரயாகை போகும் வண்டிக்கு மட்டும் வட்டம் ஒரு நாள் முன்னால் இருக்கிறது. அது ஹவுராவில் முதல் நாள் இரவே கிளம்புவதால், 60 நாளை அங்கிருந்து எண்ண வேண்டும். நாளைக்குக் கோரமண்டல். நான் திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். பூர்வாவிலிருந்து பனாரஸ் வண்டி வரை கவுண்டரில் நிற்கும் பொறுப்பைப் பெரியப்பச்சி ஏற்றுக்கொண்டார். வண்டி எண், நாள், வகுப்பு, யார் யார் எந்த டிக்கெட்டில் என்று ஒவ்வொரு படிவத்தையும் இன்றைக்கே நிரப்பி, தேதி வாரியாக அடுக்கி அவர் மேஜை இழுப்பறையில் வைத்தாயிற்று.